மண்டகப்படி வரிசை

உக்காருங்க தம்பி. டீ சொல்லியிருக்கேன். வேணாம்னு சொல்லாதீங்க, இந்த மழையில நிக்கற வண்டிக்காரர் டீ வேணாம்னு சொல்லி நான் பாத்ததில்ல. ஜே.சி.பி.யை மட்டும் அணைச்சுடாதீங்க. அது ஓடிட்டே இருக்கட்டும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு மூச்சு வருது.

அரை மணி நேர வேலை தான் நான் கேக்கறது. அதோ அந்த ரோடு தெரியுதா? மேடா, கரை மாதிரி போகுதே. அதுல இந்த இடத்துல ஒரு வாய் வெட்டி விடணும். அவ்வளவு தான். இந்தப் பக்கம் நிக்கற தண்ணி அந்தப் பக்கம் போயிடும். ஆபீஸ்லேருந்து உத்தரவு வந்தாத்தான் கை வைப்பேன்னு சொல்றீங்க. சரி, உங்க வேலை உங்களுக்கு. ஆனா உத்தரவு யாரு குடுக்கணும்? ஒண்ணு மாநகராட்சி இன்ஜினியர், அந்த ஏ.ஈ. அம்மா குடுக்கணும், இல்ல கவுன்சிலர் குடுக்கணும். மழைக்காலத்துல மேட்டுத்தெரு, கடைவீதி, பள்ளத்தெருன்னு இந்த மூணு தெருவுக்கும் எங்க வார்டு கவுன்சிலர் தான் பொறுப்புன்னு மேயரே போட்டிருக்கார். அந்தக் கவுன்சிலர் தான் உங்க எதுக்க உக்காந்து டீ சொல்லிக்கிட்டிருக்கேன்.

அதாவது, வீட்டுல தான் கவுன்சிலர். உங்க வண்டிக் கண்ணாடியில போன் நம்பரோட ஒரு தாள் ஒட்டியிருக்காங்களே, மங்கையர்க்கரசின்னு, அது என் சம்சாரம். பொம்பளைங்க வார்டுன்னு ஒதுக்கிட்டாங்க, நிக்க வச்சேன், ஜெயிச்சா. கையெழுத்து அவ, வேலை நான். ரெண்டும் ஒண்ணு தான். கவுன்சிலர் வீடு எதுன்னு நீங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் தெய்வசிகாமணி வீடான்னு தான் திருப்பிக் கேப்பாங்க. பேனர்ல கூட என் படம் தான் கொஞ்சம் பெருசா இருக்கும். அது பசங்க ஆசையில போடறது, நான் சொல்றதில்ல.

ஏ.ஈ. அம்மா போனை எடுக்க மாட்டேங்குது. காலையிலேருந்து அடிக்கிறேன். என் நம்பரைப் பாத்தா எடுக்கறதில்லன்னு வச்சிருக்கு போல. பரவாயில்ல, அதுவும் எங்கயாவது தண்ணிக்குள்ள தான் நின்னுக்கிட்டிருக்கும்.

எனக்கு என்ன அவசரம்னு கேக்கறீங்களா? என் மாப்பிள்ளை தம்பி. குமரகுருன்னு பேரு. இந்த ரோட்டுக்கு இந்தப் பக்கம் பள்ளத்தெரு. அதுல கடைசிக்கு முன்னால தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருக்கு, அது தான் அவரோடது. காலண்டர் பட்டறை. தினம் ஒரு தாள் கிழிப்போமே, அந்தக் காலண்டர். அட்டையில முருகனோ லட்சுமியோ இருப்பாங்க, கீழ ஜவுளிக்கடைக்காரன் பேரு இருக்கும். அதை ஐப்பசி கார்த்திகையில அடிச்சுக் கட்டி மார்கழியில கடைங்களுக்கு அனுப்பிடணும். ஜனவரி பொறந்துட்டா சும்மா குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான். நல்லாப் பாருங்க, மழைக்காலமும் அவர் தொழில் காலமும் ஒண்ணு. அப்படி ஒரு தொழிலைப் பிடிச்சிருக்கார் மனுஷன்.

ரெண்டு வருஷமா எல்லாம் நனைஞ்சு போச்சு. இந்த வருஷம் எங்கெங்கயோ கடனை வாங்கித் திரும்ப அடிச்சிருக்கார். இப்ப பட்டறைக்குள்ள முட்டி அளவுத் தண்ணி. இப்பத்தான் போயிட்டு வந்தேன். மேசைங்களைச் சேத்துப் போட்டு, கட்டு மேல கட்டா அடுக்கி, அதுக்கு மேல ஏறி உக்காந்திருக்கார். என் மக தேன்மொழி கீழே நின்னு கட்டை எடுத்துக் குடுக்கறா, இவர் வாங்கி மேல வைக்கிறார். கூரை வரைக்கும் வந்தாச்சு, இனி மேல இடமில்ல. அப்ப என்னைப் பாத்து, "மாமா, இந்தத் தடவையும் நனைஞ்சா நான் இருக்க மாட்டேன்" அப்படின்னார்.

சத்தமாச் சொல்லல தம்பி. மணி என்னன்னு கேட்டா சொல்வோமே, அப்படிச் சொன்னார். என் மக காதுல விழுந்துச்சு. அவ திரும்பிப் பாக்கல. அடுத்த கட்டை எடுத்துக் குடுத்தா. எனக்கு அங்க நிக்க முடியல. அந்த மனுஷன் வெத்து வார்த்தை பேசறவர் இல்ல. கல்யாணத்தப்போ நகை குறைஞ்சதைக் கூட ஒரு வார்த்தை கேக்காதவர். அவர் வாயிலேருந்து அப்படி ஒரு பேச்சு வந்தா சும்மா இருக்க முடியுமா? ஓடி வந்தேன். வழியில உங்க வண்டியைப் பாத்தேன். சாமியே அனுப்பிச்சதுன்னு நெனைச்சேன்.

குடிங்க, ஆறிடும்.

நீங்க எந்த ஊரு? ஆத்தூர்ப் பக்கமா. சேலம் ஜில்லா. அப்ப உங்களுக்கு இந்த ஊர் சமாசாரம் தெரிய நியாயமில்ல. சொல்றேன் கேளுங்க. உத்தரவு வர்ற வரைக்கும் சும்மா தானே இருக்கப் போறீங்க.

இந்த ஊரை மாநகராட்சி ஆக்கினாங்க. பேரு பெருசாச்சு, ஊரு அதே ஊரு தான். ஆனா பேரு பெருசானதுல ஒரு நல்லது, மழைநீர் வடிகாலுக்குன்னு திட்டம் வந்துச்சு. சென்னையிலேருந்து ஆளுங்க வந்து முக்காலி வச்சு அளந்தாங்க. பாதிப் பணம் அரசாங்கம் குடுக்கும், மீதிக்கு ஊர்க்காரங்க வீட்டு வரியோட கொஞ்சம் சேத்துக் கட்டணும். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டி நாலஞ்சு வருஷத்துல முடிச்சிடலாம்னு கணக்கு. நல்ல திட்டம் தான், நான் குறை சொல்லல. ஆனா அவங்க எங்கேருந்து ஆரம்பிக்கச் சொன்னாங்க தெரியுமா? அந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் குட்டைக்கரைன்னு இருக்கு. அதுக்கும் கீழ வாய்க்கால். அந்த வாய்க்கால்லேருந்து ஆரம்பிச்சு, முதல்ல குட்டைக்கரை, அப்புறம் பள்ளத்தெரு, அப்புறம் கடைவீதி, கடைசியா எங்க மேட்டுத்தெரு. எப்படி இருக்கு? வரி கட்டறதுல பாதிப் பேரு மேட்டுத்தெருக்காரன். குட்டைக்கரையில வரி கட்டற வீடு எத்தனைன்னு எண்ணிடலாம். காசு எங்களோடது, வடிகால் அவங்களுக்கு முதல்ல.

நான் விடுவேனா? கவுன்சில் கூட்டத்துல பெரிய சண்டை. நான் உள்ள உக்காரக் கூடாது, அது சட்டம். ஆனா என் சம்சாரம் உக்காந்திருக்கற நாற்காலிக்குப் பின்னால ஒரு பெஞ்சு போட்டிருக்காங்க, பாக்க வர்றவங்களுக்கு. அதுல உக்காந்துக்கிட்டுச் சொல்லிக் குடுப்பேன். அன்னைக்கு ஒவ்வொரு வார்டுக்காரனும் எங்க வார்டு முதல்ல, எங்க வார்டு முதல்லன்னு மேசையைத் தட்டறான். மேயர் பாவம், யாருக்குச் சொல்வார்? பாதிக்கு மேல அவர் கட்சி. தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார்.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. யாருக்கும் வராத யோசனை தம்பி. எந்திரிச்சு நின்னே சொல்லிட்டேன், பெஞ்சுலேருந்து. மண்டகப்படி வரிசையில கட்டிடலாம்னு.

உங்க ஊர்ல மண்டகப்படி உண்டா? எங்க அம்மன் கோயில் திருவிழாவுல ஒவ்வொரு நாளும் ஒரு தெருக்காரங்க சாமியை அழைச்சு, அலங்காரம் பண்ணி, பூசை போட்டு, ஊருக்குச் சாப்பாடு போடுவாங்க. முதல் நாள் மேட்டுத்தெரு. ரெண்டாம் நாள் கடைவீதி. மூணாம் நாள் பள்ளத்தெரு. அப்படியே போகும். எங்க கொள்ளுத் தாத்தா காலத்துலேருந்து அந்த வரிசை தான். அந்த வரிசையை மாத்தணும்னு இதுவரைக்கும் ஒருத்தன் வாய் திறந்ததில்ல. ஊர்ல சண்டை வராத ஒரே வரிசை அது தான். அதையே வடிகாலுக்கும் வச்சுட்டா யாரு கேக்க முடியும்?

கை தட்டினாங்க தம்பி. எதிர்க்கட்சிக்காரன் கூடக் கை தட்டினான். மேயர் எந்திரிச்சு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டார். நாலு கூட்டத்துல முடியாததை ஒரு வார்த்தையில முடிச்சுட்டீங்க அண்ணேன்னார். தீர்மானத்துல அப்படியே எழுத முடியாதுன்னு, முன்னுரிமை வரிசைன்னு எழுதிக்கிட்டாங்க. எழுதினா என்ன, யோசனை யாரோடதுன்னு ஊருக்கே தெரியும்.

குட்டைக்கரைக்கு மண்டகப்படி கிடையாது. எதுக்குன்னு கேக்கறீங்களா? கிடையாது, அவ்வளவு தான். முதல்லேருந்தே கிடையாது. சாமி அந்தப் பக்கம் போகாது. அவங்க இந்தப் பக்கம் வந்து கும்பிட்டுட்டுப் போவாங்க. அதனால வரிசையில அது வரல. பிறகு பாத்துக்கலாம்னு விட்டுட்டோம். இதுல யாரு மேலயும் எனக்கு ஒண்ணும் கிடையாது, அதை நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.

அந்த ஏ.ஈ. அம்மா மட்டும் எந்திரிச்சுது. பர்வீன்னு பேரு. சின்னப் பொண்ணு, என் மக வயசு. "சார், வடிகாலைக் கடைசியிலேருந்து தான் கட்டிட்டு வரணும். மேல மட்டும் கட்டினா தண்ணி வேகமா இறங்கிக் கீழ வந்து நின்னுக்கும். கீழ யாரு இருக்காங்கன்னு ஒரு தடவை பாருங்க" அப்படின்னுச்சு.

நான் கேட்டேன், ஏம்மா தண்ணி எங்கேருந்து வருதுன்னு. மேலேருந்துன்னு சொல்லுச்சு. அப்ப வேலையும் மேலேருந்து தானே வரணும்னு கேட்டேன். சபையே சிரிச்சிடுச்சு. அந்தப் பொண்ணு உக்காந்துடுச்சு. அதுக்கப்புறம் அது என்னைப் பாத்தா வணக்கம் மட்டும் தான் சொல்லும்.

அன்னைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது காருல என் சம்சாரம் கேட்டா, "தேனு வீடு கீழ தானே இருக்கு?"ன்னு. அட, பள்ளத்தெரு மூணாம் நாள் மண்டகப்படி, மூணாவது வருஷம் தானா வந்துடும், நீ ஏன் கவலைப்படறேன்னேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அவ அப்படித்தான், வாயில்லாதவ. அதனால தான் நான் எல்லாத்தையும் பாக்க வேண்டியிருக்கு.

வேலை நடந்தப்போ நீங்க பாத்திருக்கணும். குடையைப் பிடிச்சுக்கிட்டு நானே நின்னேன். ஜல்லியில மண்ணு இருந்தா திருப்பி அனுப்பினேன். கம்பி ஒரு சுத்து குறைஞ்சா காண்ட்ராக்டர் தொலைஞ்சான். இந்த ஜில்லாவுலயே அப்படி ஒரு வடிகால் கிடையாது, உள்ள ஒரு ஆள் குனியாம நடந்து போகலாம். எங்க தெரு மேடுன்னு பேரு தான் தம்பி, நடுவுல தட்டு மாதிரி குழி. மழை பெஞ்சா ரெண்டு நாளைக்குத் தண்ணி நிக்கும், செருப்பு மிதக்கும். வடிகால் கட்டின பிறகு முதல் மழை. வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன், கண்ணு முன்னாடி தண்ணி வடிஞ்சு போச்சு. ஒரு சொட்டு நிக்கல. தெருவே வெளிய வந்து பாத்துச்சு. எனக்கு மாலை போட்டாங்க. நான் கூட, வீட்டுல தான் கவுன்சிலர், அவளுக்குப் போடுங்கன்னு சொன்னேன். கேக்கல.

அந்த தைரியத்துல தான் வீட்டைக் கொஞ்சம் மாத்தினேன். எங்க வாசல்ல உயரமா மூணு படி இருக்கும், பழைய காலத்துக் கருங்கல் படி. இனி தண்ணி வரப் போறதில்லையே, அதெல்லாம் எதுக்குன்னு பெயர்த்து எடுத்துட்டு, கார் நேரா உள்ள போற மாதிரி தரையோட தரையாப் பண்ணிட்டேன். உள்ளேயும் சலவைக்கல், தேக்குல ஒரு அலமாரி. வந்தவங்க எல்லாம் கல்யாண மண்டபம் மாதிரி இருக்குன்னாங்க.

அதே மழையில தான் மாப்பிள்ளை பட்டறையில தண்ணி ஏறிச்சு.

அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நீங்களே சொல்லுங்க. நான் அவர்கிட்டப் பல தடவை சொல்லியிருக்கேன், காகிதத்தைத் தரையில அடுக்காதீங்க, பலகை போட்டு அடுக்குங்கன்னு. இதுக்கு முன்னாடி தண்ணியே வந்ததில்ல மாமா, கணுக்கால் அளவு கூட வந்ததில்லன்னார். எப்பவும் வராதது ஒரு நாள் வரத்தானே செய்யும்? அன்னைக்குப் போய்ப் பாத்தேன். முருகனும் மயிலும் லட்சுமியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, சிவப்பும் மஞ்சளுமாத் தண்ணி ஓடுது. என் மக முறத்தால அள்ளி ஊத்தறா. பேரப் பிள்ளை அந்தச் சாயத் தண்ணியில காகிதத்தைப் பிடிச்சு விளையாடறான். எனக்குப் பாக்க முடியல தம்பி. நான் கல்லு இல்ல.

அப்பவே அந்த ஏ.ஈ. பொண்ணு வந்துச்சு. சார், பள்ளத்தெருவுல கட்டற வரைக்கும் உங்க தெரு வடிகாலோட வாயை மழைக்காலத்துல மட்டும் மண்ணைக் கொட்டி அடைச்சு வைக்கலாம், உங்க தெருவுல முன்ன மாதிரி ரெண்டு நாள் தண்ணி நிக்கும், கீழ இந்த வீடுங்க தப்பிச்சுக்கும்னுச்சு. எனக்குக் கோபம் வந்துடுச்சு. கட்டின வடிகாலை அடைக்கறதுக்கா கட்டினோம்? ஊரெல்லாம் சிரிக்காது? கமிஷனர்கிட்டச் சொல்லி அந்தப் பேச்சை அப்பவே நிறுத்தினேன். என் சம்சாரம் கூட அந்தப் பொண்ணுகிட்ட ஏதோ தனியாப் பேசிக்கிட்டிருந்தா. என்னன்னு கேட்டேன், ஒண்ணுமில்லன்னா.

மறு வருஷம் கடைவீதி. ரெண்டாம் நாள் மண்டகப்படி. அவங்களும் நல்லாக் கட்டினாங்க, எங்களோடதோட கொண்டு வந்து சேத்தாங்க. அந்த வருஷமும் மாப்பிள்ளை பட்டறையில தண்ணி ஏறிச்சு. இந்த வருஷம் பள்ளத்தெரு முறை. நியாயமாப் பாத்தா இந்நேரம் முடிஞ்சிருக்கணும். ஆனா பணம் இல்லன்னுட்டாங்க. ஏன் இல்லன்னு கேட்டா, சேத்துப் போட்ட வரியை மக்கள் கட்டலயாம். இதெல்லாம் நிர்வாகத்தோட கையாலாகாத்தனம். வசூல் பண்ணத் தெரியல.

எங்க தெரு வேற விஷயம். எங்களுக்கு வேலை முடிஞ்சாச்சு. முடிஞ்ச வேலைக்கு எதுக்கு வருஷா வருஷம் வரின்னு மக்கள் என்கிட்ட வந்து கேட்டாங்க. நியாயமான கேள்வி. அவங்க ஓட்டுப் போட்டவங்க, நான் பேசாம இருக்க முடியுமா? மேட்டுத்தெருவுக்கு வடிகால் வரியை ரத்து பண்ணணும்னு ஒரு மனு எழுதினேன். தெருவே கையெழுத்துப் போட்டுச்சு. அதைப் பாத்துக் கடைவீதிக்காரனும் ஒரு மனு எழுதினான். அவன் என்னைப் பாத்து எதை வேணும்னாலும் பண்ணுவான். ரெண்டு வார்டுக்கும் ரத்தாச்சு. பெரிய வெற்றி. பேப்பர்ல வந்துச்சு.

அந்த மனுவுல ஒரே ஒரு கையெழுத்து தான் வரல. வீட்டுல. நீட்டினேன், பேனாவைக் கையில குடுத்தேன். வாங்கி மேசையில வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. எத்தனை காகிதத்துல எதுன்னு கேக்காமக் கையெழுத்துப் போட்டவ. நான் அவளுக்குப் பதிலாப் போட்டுட்டேன், அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. ஆனா அன்னையிலேருந்து ஒரு மாதிரி ஆயிட்டா. கேட்டதுக்குப் பதில், அவ்வளவு தான். மழை ஆரம்பிச்சதும் ஒரு பையில ரெண்டு புடவையை எடுத்து வச்சுக்கிட்டு தேனு வீட்டுக்குப் போறேன்னு கிளம்பிட்டா. நேத்தும் வரல. இன்னைக்குப் போய்ப் பாத்தா, மக பக்கத்துல இவளும் முட்டித் தண்ணியில நின்னு காலண்டர் கட்டு தூக்கறா. அறுபது வயசு ஆகப் போகுது தம்பி அவளுக்கு. வா வீட்டுக்குன்னேன். அங்க தான் தண்ணி இல்லையேன்னா. இல்ல, அதனால தான் கூப்பிடறேன்னேன். என்னைப் பாத்துக்கிட்டே நின்னா. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு இன்னும் புரியல.

வானத்தைப் பாருங்க. கடல் பக்கம் இன்னும் கறுப்பாத்தான் இருக்கு. மதியம் மூணு மணி மாதிரியா இருக்கு இது?

நான் ஒத்தை ஆளா இத்தனை பேருக்கும் பாடுபட்டேன். ஒருத்தர் திரும்பிப் பாக்கல. மேட்டுத்தெருக்காரன் மாலை போட்டதோட சரி. மேயர் போனை எடுக்கல. கமிஷனர் கூட்டத்துல இருக்காராம். எனக்கு இருக்கறது ஒரே மக தம்பி. அவ புருஷன் அந்தக் காகிதக் குவியல் மேல உக்காந்து தண்ணியைப் பாத்துக்கிட்டிருக்கார். இன்னும் ஒரு ஜாண் ஏறினா அடிக் கட்டு நனையும். அடிக் கட்டு நனைஞ்சா மொத்தமும் சாயும். அதுக்கப்புறம் அவர் என்ன பண்ணிப்பாரோன்னு நெனைச்சா எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. என் சொத்து, என் வீடு, எது போனாலும் பரவாயில்ல, அந்த மனுஷன் நல்லா இருக்கணும். என் மக தாலி நிக்கணும். அதுக்கு உங்க கால்ல விழச் சொன்னாலும் விழறேன்.

என்ன கேட்டீங்க? அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னா? அந்தப் பக்கம் குட்டைக்கரை. சொன்னேனே. குடிசையும் ஓட்டு வீடுமா ஒரு அம்பது அறுபது இருக்கும். பள்ளம் தான். ஆனா அவங்களுக்குத் தண்ணி ஒண்ணும் புதுசு இல்ல தம்பி, பழகினவங்க. பானை சட்டியைத் தூக்கிக்கிட்டு ரோட்டு மேல வந்து நின்னுப்பாங்க. பள்ளிக்கூடத்தைத் திறந்து விட்டுடலாம், சாப்பாட்டுக்கு நானே சொல்லிடறேன், எத்தனை பொட்டலம் வேணும்னாலும் சொல்றேன். அவங்ககிட்ட நனைஞ்சு போறதுக்குன்னு என்ன இருக்கு? காலண்டரா இருக்கு? வெட்டினா தண்ணி ஒரு மணி நேரத்துல இறங்கிடும். எங்க போகும்னா, கீழ தான் போகும். தண்ணி கீழ தானே போகணும். நீங்களும் அந்த ஏ.ஈ. பொண்ணு மாதிரியே கேக்கறீங்க.

உங்க போன் அடிக்குது பாருங்க. எடுங்க எடுங்க, ஏ.ஈ.யாத்தான் இருக்கும். நான் இங்க இருக்கேன்னு சொல்லாதீங்க, உத்தரவை மட்டும் வாங்குங்க.

யாரு? கவுன்சிலரா? எந்தக் கவுன்சிலரு? கவுன்சிலர் இங்க தானே... குடுங்க இப்படி. மங்கை, நான் தான். இந்த நம்பர் உனக்கு எப்படி? சரி, உனக்குக் குடுத்த தாள்ல இந்த டிரைவர் போன் நம்பரும் போட்டிருக்காங்களா. நல்லது, நல்ல நேரத்துல பண்ணினே. ரோட்டை வெட்டச் சொல்லு இவர்கிட்ட, நீ சொன்னாத்தான் கேப்பேங்கறார். என்னது? மாப்பிள்ளை எப்படி இருக்கார்? ஏம்மா, என்கிட்டச் சொல்லேன், எதுக்கு டிரைவர்கிட்டப் பேசணும்? நான் வேற நீ வேறயா? சரி சரி, குடுக்கறேன், கத்தாத.

இந்தாங்க தம்பி. பேசுங்க.

வெட்டச் சொல்லிட்டாளா? ஏன் எந்திரிச்சுட்டீங்க, டீ பாதியில இருக்கே. இந்த வழியா இல்ல, ரோடு அந்தப் பக்கம். எங்க போறீங்க?

மேட்டுத்தெருவுக்கா?

என்ன சொன்னா? வடிகால் வாயை அடைக்கவா? எங்க தெரு முக்குலயா? மண்ணைக் கொட்டியா? இருங்க, இருங்க. ஏ.ஈ.யும் அங்க அவளோட தான் நிக்குதா? ரெண்டு பேருமாச் சேந்து... தம்பி, அவ பதட்டத்துல சொல்றா. அவளுக்கு நிர்வாகம் தெரியாது, அவ சும்மா கையெழுத்துப் போடறவ. கவுன்சிலர் சொல்லிட்டாங்கன்னா, நான் தானே இத்தனை நேரமாச் சொல்லிக்கிட்டிருக்கேன், ரெண்டும் ஒண்ணுன்னு.

அடைச்சா எங்க தெருவுல தண்ணி நிக்கும் தம்பி. முன்ன மாதிரி இல்ல, இப்ப பெய்யற மழைக்கு இடுப்பு வரைக்கும் நிக்கும். என் வீட்டுல படி கூட இல்ல, சொன்னேனே, நேரா உள்ள வந்துடும். சலவைக்கல்லு, அலமாரி, காரு, எல்லாம் தரையோட தரையா இருக்கு. மாப்பிள்ளைக்குத் தானே கேட்டீங்கன்னா, மாப்பிள்ளைக்குத் தான் கேட்டேன். இல்லன்னு சொல்லல. எது போனாலும் பரவாயில்லன்னு சொன்னேன், அதுவும் வாஸ்தவம் தான். ஆனா அதுக்கு ஒரு முறை இருக்கு தம்பி. முதல் மண்டகப்படித் தெரு அது. அங்க போய்த் தண்ணியை நிறுத்தினா ஊரு என்ன பேசும்? நாளைக்கு நான் எப்படி நடமாடறது? இந்த ரோட்டை வெட்டினாலே போதும், எல்லாரும் தப்பிச்சுக்கலாம். நம்ம எல்லாரும்.

ஏறாதீங்க. ஒரு பத்து நிமிஷம் குடுங்க, காரையாவது வெளிய எடுத்துடறேன். மாப்பிள்ளைகிட்ட நானே போய்ப் பேசறேன், இந்த வருஷம் போனா அடுத்த வருஷம் அடிச்சுக்கலாம், என்ன இப்ப, காகிதம் தானே.

தம்பி, சொல்றதைக் கேளுங்க. அந்த வண்டியை முதல்ல அணைங்க. அந்தச் சத்தத்தை நிறுத்துங்க.